வெர்லின் டாக்டருக்காக நான் சொன்ன சாட்சி

ஆ... ஆ... அங்கதான், அந்த எடத்துலதான் டாக்டர் தம்பி! குப்புறப் படுத்து, மூஞ்சிய இந்த மேசை ஓட்டைக்குள்ள விட்டுக்கிட்டுக் கெடந்தாலும் வாய் நல்லாத்தான் இருக்கு எனக்கு, கேளுங்க. இந்த டாவன்போர்ட் ஊர்ல முதுகுக்குச் சொடக்கு எடுக்கற டாக்டருக்கா பஞ்சம்? தடுக்கி விழுந்தா ஒரு கைரோபிராக்டர் மேலதான் விழணும். ஆனா எங்க பழைய டாக்டரு வெர்லினோட கைராசி எவனுக்கு வரும்... உங்களச் சொல்லல தம்பி, நீங்க நல்லாத்தான் அமுக்கறீங்க.

அவர் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டாங்களே, டாக்டருங்களுக்கு லைசென்ஸ் குடுக்கற அந்த மாநில போர்டுக்காரங்க! என்ன பண்ணிட்டாரு மனுஷன்? கொலையா, கொள்ளையா? கழுத்துல ஒரு சொடக்கு எடுத்தா செவிடனுக்கும் காது கேக்கும்னு பேப்பர்ல விளம்பரம் குடுத்தாரு. அதுக்குப் போயி, ஒரு மாசம் யார் மேலயும் கை வைக்கக் கூடாதுன்னு லைசென்ஸ வாங்கி வச்சிக்கிட்டாங்க. மாசம் முடிஞ்சதும் திருப்பித் தரணுமில்ல? அதுக்கு ஒரு விசாரணையாம். "ஆர்லீன், நீ வந்து நான் நல்லவன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்"னாரு.

ஒரு வார்த்தையா? என்னப் பத்தி என்ன நெனச்சாரு! சர்ச்சுக்குப் போடற கவுன மாட்டிக்கிட்டுப் போயி நின்னேன். "ஐயா, இவர மாதிரி கடமை தவறாத மனுஷன் அயோவா மாநிலத்துலயே கெடையாது. நீங்க தடை போட்ட மாசம்கூட வாராவாரம் எங்க வீட்டுக் கொல்லப்பக்கமா வந்து, சாப்பாட்டு மேசைல என்னப் படுக்கப் போட்டு, சொடக்கு எடுத்துட்டுத்தான் போனாரு"ன்னேன்! அவரோட வக்கீல் இருமினாரு. பாவம், சளி போலிருக்குன்னு நெனச்சேன்.

"எக்ஸ்ரே எடுத்தாரா?"ன்னு போர்டோட தலைவியம்மா கேட்டா. "எக்ஸ்ரேவா? நான் நடந்து வர்றதப் பாத்தே எந்த எலும்பு நகந்திருக்குன்னு சொல்லிடுவாரே! பிரஷர் மாத்திரைய நிறுத்தச் சொன்னதும் அவர்தான். நிறுத்தினேன். சர்ச்சுல மயங்கி விழுந்தேன். மொத ஆளா ஓடி வந்து தூக்கினது யாரு? அவர்தானே!"ன்னேன். வக்கீலுக்கு இருமல் நிக்கவே இல்ல தம்பி.

ஒரு மாசத் தடை போயி, இப்ப ஒரேயடியா லைசென்ஸே போச்சு. எனக்கு வயிறு எரியுது! அவ்வளவு நல்லது எடுத்துச் சொல்லியும் ஈவு இரக்கம் வேண்டாம்? நேத்து மளிகைக் கடைல என்னப் பாத்ததும், மனுஷன் தள்ளுவண்டிய அப்படியே போட்டுட்டு ஓடறாரு. என்னப் பாத்தா அழுகை வந்துடுது போல. எனக்கும்தான் வந்துச்சு.

அட, ஏன் கை நின்னு போச்சு? அமுக்குங்க... நீங்களும் அவர் மாதிரியேதான், எனக்குத் தெரியாதா? எக்ஸ்ரே கிக்ஸ்ரேன்னு இழுத்தடிக்கல, மாத்திரை மருந்து சாப்பிடறியான்னு ஒரு கேள்வி கெடையாது. படுன்னீங்க, அமுக்கினீங்க. அடுத்த வாரம் அந்த போர்டுக்காரங்க இங்க சோதனை போட வர்றாங்களாமே, வாசல்ல உக்காந்திருக்கற பொண்ணு சொன்னா. பயப்படவே பயப்படாதீங்க! நான் வர்றேன். உங்களப் பத்தி வெலாவாரியா எடுத்து...

தம்பி?... ஓட்டை வழியா பாத்தா உங்க ஷூ நகருதே... எங்க போறீங்க? இடுப்பப் பாதில விட்டுட்டுப் போனா நான் எப்படி எந்திரிப்பேன்?... சரி சரி, ஒண்ணும் சொல்லல, திரும்பி வாங்க! உங்க கை என் மேல படவே இல்லன்னு பைபிள் மேல அடிச்சு சத்தியம் பண்ணிடறேன், போதுமா?