கையெழுத்துக்குப் போகாத ஃபைல்

என்னத்தச் சொல்ல தம்பி... இன்னிக்கு இந்த ஸ்கேன் பகுதியில யாரு யாரு இருந்தோம்? உள்ள ஸ்கேன் எடுக்கிற அம்மா ஒருத்தங்க. டோக்கன் குடுக்கிற பொண்ணு ஒருத்தி. தண்ணியக் குடிச்சுட்டு, எப்பக் கூப்பிடுவாங்கன்னு காலைப் பின்னிக்கிட்டு உக்காந்திருந்தவங்க ஒம்பது பேர், அதுல நீங்களும் ஒருத்தர். அப்புறம் ஃபைல் தூக்குற நான். ஆக பன்னெண்டு. இதுல வேலையில்லாம இருந்தது நான் ஒருத்தன்தான்!

பத்தொம்பது வருசம் தம்பி. அந்தம்மா ஸ்கேன் எடுத்து எழுதிக் குடுப்பாங்க. நான் ரெண்டு மாடி ஏறி டாக்டர் மேசையில வைப்பேன். படி நாப்பத்திநாலு. அவர் கையெழுத்துப் போட்டாத்தான் அது ரிப்போர்ட். அதுவரைக்கும் அந்தம்மா வாயத் திறக்கக் கூடாது. வயித்துக்குள்ள கல்லப் பாத்துட்டு வந்து, கல்லு மாதிரியே நிப்பாங்க. "டாக்டர் சொல்லுவார்." அவ்ளோதான்.

இந்த மாசம் ஒண்ணாம் தேதியிலேருந்து புது உத்தரவு. பரீட்சை எழுதி, ஒரு வருசம் டாக்டர் பக்கத்துலயே இருந்து பழகினாங்கல்ல... இனி அந்தம்மாவே பாக்கலாம், எழுதலாம், கையெழுத்துப் போடலாம். உங்க முகத்தப் பாத்து நேராவே சொல்லலாம். சந்தேகம்னா மட்டும் டாக்டருக்கு போன். போன் தம்பி! போன் என்ன படியா ஏறப் போகுது?

உங்களுக்கு எவ்ளோ நேரமாச்சு ரிப்போர்ட் வர? ஆறு நிமிசம். நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

யாரால வந்த வினைன்னா... சரி, சொல்லிடுறேன். யானை தன் தலையில தானே மண்ண வாரிப் போட்டுக்கிட்ட கதைதான்.

போன வருசம் ஒரு பொண்ணு வந்துச்சு, லாரி ஓட்டுறவரோட சம்சாரம். கரு கர்ப்பப்பையில தங்காம குழாயில தங்கிருச்சு, வெடிச்சா உசுருக்கே ஆபத்து. அந்தம்மா ஒம்பதரைக்கே பாத்துட்டாங்க. "அவசரம்"னு சிவப்புல எழுதிக் குடுத்தாங்க. நாலே நிமிசத்துல மேல வச்சுட்டேன். டாக்டர் மீட்டிங்ல. மூணு தடவை ஆள் விட்டாங்க... அந்த ஆளும் நான்தான். கையெழுத்து விழுந்தது ஒண்ணு அம்பதுக்கு. அதுக்குள்ள அந்தப் பொண்ணு, இதோ, இந்த நாற்காலியிலயே சாஞ்சிருச்சு. பொழச்சுது... பொழச்சுதுதான்.

அன்னிலேருந்து நோட்டு போட்டேன். எந்த ஃபைல் எப்பப் போச்சு, எப்பத் திரும்புச்சு. ரெண்டாயிரத்து எழுநூத்தி ஆறு ஃபைல். சராசரி ரெண்டு மணி பதினோரு நிமிசம். ஆஸ்பத்திரி கண்காணிப்பாளர் கேட்டாரு, குடுத்தேன். ம்ஹூம்... கேக்கல. நானாத்தான் போய்க் குடுத்தேன். தெளிவா ரெண்டு பிரதி எடுத்து!

அத வச்சுத்தான் உத்தரவு. அதுல கடைசி வரி, ஃபைல் தூக்குற ஆள் இனி தேவையில்லையாம். மாசக் கடைசியோட எனக்கு இங்க வேலை இல்ல. அந்தம்மா வந்து "எல்லாம் உங்களாலதாண்ணே"ங்கிறாங்க, வாயெல்லாம் பல்லா. நான் "ம்"னேன்.

தம்பி?... அட, எழுந்து போயாச்சா! சரி, போங்க போங்க. ரிப்போர்ட்தான் கையில இருக்கே, பின்ன எதுக்கு உக்காரணும்.

இன்னிக்குத் தேதி பதினாலு. மாசம் முடிய பதினாறு நாள். ஞாயித்துக்கிழமை மூணு போச்சுன்னா... பதிமூணு.