முதுகு காட்டி நிற்பது

மணி எட்டரை. ஆஸ்பத்திரியின் பின்வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் ஒரே நேர் சாலை. ஒரு பக்கம் நீளமான மதில். இன்னொரு பக்கம் ஷட்டர் இறக்கிய கிடங்குகள். நடுவில் பேருக்கு ஒரு கடைகூடக் கிடையாது. விளக்குக் கம்பங்கள் உண்டு… எரிவது ஒன்று விட்டு ஒன்று.

அந்தச் சாலையில் ஒரு பெண் வலது கையை இறுக்கி மூடிக்கொண்டு நடந்து வருகிறார். கைக்குள் ஒன்றும் இல்லை. ஆனால் திறக்கவும் இல்லை.

அவர் என் தோழியின் அண்ணி. தோழி எனக்கு இதைப் பட்டப்பகலில், நாலு பேர் நடமாடுகிற இடத்தில் வைத்துத்தான் சொன்னாள். அப்படியும் அன்றைக்கு ராத்திரி நான் விளக்கை அணைக்கவில்லை. நீங்கள் என்னடாவென்றால் கரண்ட் போன நேரம் பார்த்து, சொல்லு சொல்லு என்று உயிரை வாங்குகிறீர்கள். சரி, கேளுங்கள். நடுவில் யாரும் எழுந்து போகக் கூடாது. போர்வையை இழுப்பது யார்? இருப்பது ஒன்றுதான், ஒட்டி உட்காருங்கள்.

அண்ணிக்கு அப்போது குழந்தைகள் மனநலப் பிரிவில் வேலை. டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை. உதவியாளர். டாக்டர் வந்து கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போய்விடுவார். மிச்சப் பொழுதெல்லாம் அண்ணிதான். சாப்பிட மாட்டேன் என்கிற பிள்ளைக்கு எதிரே தட்டோடு காத்திருக்க வேண்டும். முடியைப் பிய்த்துக்கொள்கிற பிள்ளையின் விரல்களுக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும். தூங்கப் பயப்படுகிற பிள்ளையின் கட்டிலோரம் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். கடி வாங்கியிருக்கிறார், உதை வாங்கியிருக்கிறார். “எங்க அண்ணனையே சமாளிக்கிறவங்க, இதெல்லாம் அவங்களுக்கு ஜுஜுபி” என்பாள் தோழி.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அங்கே யாரோ முணுமுணுக்கிறீர்கள். அண்ணி அரளுகிற ஆள் இல்லை. அதனால்தான் இதை நான் நம்புகிறேன்.

அந்த வேலையில் சேர்ந்ததுமே ஒரு விஷயம் சொல்லித் தருவார்களாம். பிள்ளை ஏதோ ஒன்று தெரிகிறது என்று சொன்னால், இருக்கிறது என்றும் சொல்லக் கூடாது, இல்லை என்றும் சொல்லக் கூடாது. இருக்கிறது என்றால் அது வளரும். இல்லை என்றால் பிள்ளை அப்புறம் நம்மிடம் எதையுமே சொல்லாது. அதனால் ஒரே பேச்சு… “எனக்குத் தெரியல. உனக்குப் பயமா இருக்கா?” அவ்வளவுதான். அண்ணிக்கு அது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

ஒருநாள் ஏழு வயதில் ஒரு சிறுமியைச் சேர்த்தார்கள். ஊழியர்கள் அவளுக்கு வைத்த பெயர் டீச்சரம்மா. தரை துடைக்கிறவரிடம், “மூலையை விட்டுட்டீங்க” என்பாள். பெரிய டாக்டரிடமே, “கோட்டு பொத்தான் மாத்திப் போட்டிருக்கீங்க” என்று சொன்னவள். எல்லோருக்கும் செல்லம். ஆனால் வெளிச்சம் இறங்கினால் போதும், கட்டிலின் தலைமாட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டுவிடுவாள். தூக்கமே கிடையாது.

“காலடியில ஒருத்தர் நிக்கிறாங்க அக்கா. முதுகைக் காட்டிக்கிட்டு.”

“யாருன்னு தெரியுதா?”

“முதுகுதானே தெரியுது!” எரிச்சலோடு சொன்னாள். “தலையைத் துவட்டாமலே வந்துடுறாங்க. ஈர நாத்தம். அப்புறம் சும்மா சும்மா எச்சில் முழுங்குறாங்க. நல்ல பழக்கமே இல்லை.”

மாத்திரை மாற்றினார்கள், கட்டிலை மாற்றினார்கள், அறையையும் மாற்றிப் பார்த்தார்கள். எதுவும் எடுபடவில்லை. கடைசியில் அங்கே பிள்ளைகளுக்கு விளையாட்டு மூலமாகச் சிகிச்சை தருகிற ஒரு அம்மா, விளையாட்டு மிஸ் என்பார்கள், அவர் ஒரு வழி சொன்னார். பிள்ளை தன் பயத்தைக் கைக்குள் பிடித்து மூடிக்கொள்ள வேண்டும். அப்படியே பெரியவர் கையில் வைக்க வேண்டும். பெரியவர் கையை மூடிக்கொண்டு, “நான் வச்சுக்கிறேன், நீ தூங்கு” என்று சொல்லி, அதை எங்கே வைத்துப் பூட்டப்போகிறார் என்றும் சொல்ல வேண்டும். சின்ன ஏமாற்று வித்தைதான், ஆனால் பல பிள்ளைகளைத் தூங்கவைத்திருக்கிறது.

“ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க” என்றாராம் விளையாட்டு மிஸ். “பூட்டி வைக்கிற இடம் இந்தக் கட்டடத்துக்குள்ளதான் இருக்கணும். வீட்டுக்குக் கொண்டுபோறேன்னு சொல்லிடாதீங்க. அப்புறம் அந்தப் பிள்ளை உங்களை நினைச்சுப் பயந்துக்கிட்டுக் கிடக்கும்.”

நியாயமான பேச்சுதான். அண்ணியும் ஒழுங்காகப் பொம்மை அலமாரியில்தான் பூட்டினார். டீச்சரம்மாவுக்கு அது சரிப்படவில்லை.

அன்றைக்கு அண்ணியின் பையனுக்குக் காய்ச்சல். ஐந்து வயது. சுண்டு என்று கூப்பிடுவார்கள். அண்ணன் போன் மேல் போன் போட்டு, எப்ப வர்றே, எப்ப வர்றே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வேலை முடிந்து அண்ணி கிளம்பப் போனால், டீச்சரம்மா கையை விட மாட்டேன் என்கிறாள். அழுகை என்றால் அப்படி ஓர் அழுகை.

“அலமாரி வேணாம். அதுக்கு மேல சந்து இருக்கு, அது வழியா வந்துடுது. தூரமா கொண்டுபோங்க.”

அண்ணிக்குப் பொறுமை போய்விட்டது. “சரி, எங்க வீட்டுக்கே கொண்டுபோயிடுறேன். போதுமா?”

டக்கென்று அழுகை நின்றது.

“வீட்ல யார் யார் இருக்கா?”

வீட்டு விஷயம் பேசக் கூடாது என்பதும் அங்கே ஒரு கட்டுப்பாடுதான். ஆனாலும் பஸ் போய்விடுமே என்ற அவசரத்தில் வாயில் வந்துவிட்டது. “நான், எங்க வீட்டுக்காரர், பையன். அவனுக்கு அஞ்சு வயசு.”

டீச்சரம்மா யோசித்தாள். நல்ல கணக்கு ஒன்றைப் போடுகிற மாதிரி யோசித்தாள்.

“எந்தப் பக்கம் திரும்பித் தூங்குவான்?”

“சுவத்துப் பக்கம்.”

“அப்ப பரவாயில்லை” என்று சொல்லி, மூடிய கையை அண்ணியின் உள்ளங்கையில் வைத்துத் திறந்தாள். குழந்தையின் கை காய்ந்துதான் இருந்தது. ஆனால் அண்ணியின் உள்ளங்கை… ஜில்லென்று நனைந்தது.

அப்படி மூடிய கையோடுதான் அந்தச் சாலையில் நடந்தார்.

பாதி தூரம் வரைக்கும் தன் செருப்புச் சத்தம் மட்டும்தான். அப்புறம் பின்னால்…

களக்.

யாரோ எச்சில் விழுங்குகிற சத்தம். ரொம்பத் தள்ளி இல்லை. தன் தொண்டைதானோ என்று அண்ணி நாக்கை அண்ணத்தில் தடவிப் பார்த்தார். வாய் வறண்டு கிடந்தது.

களக்.

கூடவே வாசனை. காயாத தலைமுடியை முடிந்து வைத்திருந்து அவிழ்த்தால் வருமே… அது. மழையும் இல்லை, ஒன்றும் இல்லை. அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. ஓடவும் இல்லை. ஓடினால் அதுவும் ஓடிவருமோ என்று அதே நடையில் நடந்தாராம்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். உட்கார ஓர் இடம் கிடைத்தது. பக்கத்து இடம் காலி, ஆனால் நிற்கிறவர்கள் யாரும் வந்து உட்காரவில்லை. ஒரு அம்மா மட்டும் உட்காரப் போய், சட்டென்று எழுந்து துணியைத் தொட்டுப் பார்த்து, “சீட்டெல்லாம் ஈரம்” என்று முகம் சுளித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

வீட்டில் சுண்டு சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தான். அண்ணி குழாயடியில் கையைத் திறந்தார். ஒன்றும் இல்லை. என்ன இருக்கப்போகிறது? சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினார். அடச்சீ, பிள்ளைகளோடு சேர்ந்து நானும் இப்படி ஆகிவிட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மறுநாள் வேலைக்குப் போனால், டீச்சரம்மா ராத்திரி முழுக்கத் தூங்கினாளாம். மாத்திரை வேலை செய்கிறது என்று டாக்டருக்குப் பெருமை. பிள்ளை சாப்பிட்டாள், சிரித்தாள், அந்த வாரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது அண்ணியைக் கட்டிக்கொண்டாள். அண்ணியின் தோளுக்கு மேலாக ஒருமுறை பார்த்தாள்.

“நல்லாத் துவட்டிக்கச் சொல்லுங்க அக்கா.”

அன்றைக்கு வீட்டில், சுண்டு சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. மல்லாந்து படுத்துக் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அம்மா, அது யாரு?”

பழக்க தோஷம். அண்ணியின் வாய் தானாகச் சொல்லிவிட்டது. “எனக்குத் தெரியல கண்ணா. உனக்குப் பயமா இருக்கா?”

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது.

“இல்லை” என்றான் சுண்டு. “முதுகுதானே.”

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்களே. ஊரார் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிந்த எதற்கும் அசையாத அண்ணி, அவனை அள்ளி மடியில் போட்டுக்கொண்டார். பயம் இல்லை என்ற அவன் பேச்சும் அன்றைக்கு ஒரு ராத்திரிதான். அப்புறம் அவனும் தலைமாட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார ஆரம்பித்தான். சோறு இறங்கவில்லை. கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போனது. “ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் பிள்ளை காதுபடப் பேசினா வேற என்ன ஆகும்?” என்று அண்ணன் சத்தம் போட்டார். அண்ணி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

வேறு வழி தெரியாமல் அவன் முன்னால் உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டினார். அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். “கைக்குள்ள பிடிச்சு அம்மாகிட்ட குடுத்துடு. நான் வச்சுக்கிறேன்.”

சுண்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். “உன்கிட்ட குடுத்தா, இங்கேதானேம்மா இருக்கும்?”

பெற்ற பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதார், அவ்வளவுதான் முடிந்தது.

பிறகு ஒருநாள் அவன் பள்ளிக்கூடத்திலிருந்து குதித்துக்கொண்டு வந்தான். பசிக்கிறது என்றான். தட்டைக் காலி செய்தான். படுத்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிவிட்டான்.

“டேய்… அது எங்கேடா?”

“குடுத்துட்டேன்.”

“யார்கிட்ட?”

“என் பக்கத்துல உக்கார்ற ரெட்டைச் சடைகிட்ட. கைக்குள்ள என்ன வச்சிருக்கேன்னு கேட்டா. கையை நீட்டினா. குடுத்துட்டேன்.”

அந்த நிமிஷம் தனக்கு வந்தது சந்தோஷம்தான் என்று அண்ணி தோழியிடம் சொல்லியிருக்கிறார். யாரோ ஒரு பிள்ளை, முகம்கூடத் தெரியாது. நம் பிள்ளை தூங்குகிறான். வெட்கமெல்லாம் விடிந்த பிறகுதான் வந்ததாம்.

ரெட்டைச் சடை கொஞ்ச நாளாகப் பள்ளிக்கு வருவதில்லை என்று அப்புறம் சுண்டு சொன்னான். அண்ணி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

கேட்காவிட்டால் மட்டும்? ஒரு சாயங்காலம் வேலைக்குப் போனபோது, புதுப் பிள்ளை வந்திருக்கிறது, தூக்கமே இல்லை, நீங்கள்தான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அண்ணியைத்தான் அனுப்பினார்கள். நாற்காலியில் அந்தப் பிள்ளையின் அம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலின் தலைமாட்டில் சுருண்டு உட்கார்ந்திருந்தது பிள்ளை. இரண்டு சடையும் அவிழ்ந்து கிடந்தன. ஐந்து வயதுதான். உதடு வெடித்திருந்தது.

அண்ணி கட்டிலின் காலடியில் நின்றார். பிள்ளை அவரையே பார்த்தது. மெல்ல… மூடிய கையை நீட்டியது.

வாங்கிக்கொள்வதுதான் அவர் வேலை. எத்தனையோ பிள்ளைகளிடம் வாங்கியவர். கை பாதி தூரம் எழுந்தும் விட்டது. அப்போது சுவரைப் பார்த்துத் தூங்கும் சுண்டுவின் பிடரி கண்முன்னே வந்தது. வாங்கினால் இன்றைக்கு ராத்திரியே அது வீட்டுக்கு வந்துவிடும்.

அண்ணி கையைக் கீழே இறக்கினார். நீட்டிய கை அப்படியே நின்றது, மடங்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் அண்ணி கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஓடிவிட வேண்டும் என்றுதான் நினைத்தார். கால் நகரவில்லை.

ஈரத் தலை வாசனை வந்தது. தோளோடு தோள் உரசுகிற தூரத்தில்…

களக்.

பின்னாலிருந்து, கட்டிலிலிருந்து, பிள்ளை தன் அம்மாவை எழுப்புகிற குரல் கேட்டதாம்.

“அம்மா… இப்ப ரெண்டு பேர் நிக்கிறாங்க.”