சுண்டுவிரல் எட்டாத கீ

கடைக்காரர்: மூணே பொத்தான். அழுத்த மூணு விரல் போதும். சுண்டுவிரலுக்கு இதுல வேலையே கிடையாது. ட்ரம்பெட் உனக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி இருக்கும் பாப்பா.

மகள்: நான் சாக்ஸபோன் கேட்டேன்.

கடைக்காரர்: கேட்டே. நாலு தரம் கேட்டுட்டே.

மகள்: இது அஞ்சாவது. அப்புறம் நான் பாப்பா இல்ல. பன்னெண்டு முடிஞ்சிருச்சு.

கடைக்காரர்: சரிங்க மேடம்... மேடமோட அம்மா, நீங்களாவது கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க.

அம்மா: நான் சொல்லிக் கேக்குற ஆளா இருந்தா, லீவு போட்டுட்டு இங்க வந்து நிப்பேனா? அவ கேக்குறதைக் காட்டுங்கண்ணே.

கடைக்காரர்: காட்டுறதுக்கு என்ன, காசா பணமா... ஆனா சாக்ஸபோனுக்குப் பத்து விரலும் வேணும்மா. உங்க பொண்ணுக்கு வலது கை சுண்டுவிரல் பாதிதான் இருக்கு. பிறந்ததுல இருந்தேவா?

அம்மா: ஆமா. பிறவி.

மகள்: கதவு.

கடைக்காரர்: என்னது?

மகள்: கதவு இடுக்குல மாட்டிருச்சு. அஞ்சு வயசுல.

அம்மா: ...ஆமா, கதவுதான். வெளியாளுங்ககிட்ட பிறவின்னு சொல்லிடுறது. மேல கேக்க மாட்டாங்க பாருங்க.

கடைக்காரர்: எனக்குக் கேக்கத் தோணுதே.

மகள்: அங்கிள், மேல் தட்டுல மூலையில இருக்கே, அது என்ன?

கடைக்காரர்: அது பழைய சாக்ஸபோன். நெளிஞ்சது. யாரோ மாடிப்படியில உருட்டிவிட்டு எடுத்துட்டு வந்தது. நீ ட்ரம்பெட்டை ஒரு தரம் கையில பிடிச்சுப் பாரேன்...

மகள்: ஒண்ணு கேக்கட்டுமா? நாங்க உள்ள வந்தப்போ இந்த ட்ரம்பெட் மேஜை மேல தயாரா இருந்துச்சு. துடைச்சு வேற வச்சிருந்தீங்க. நாங்க அப்ப வாயே திறக்கல.

கடைக்காரர்: கடைன்னா நாலு சாமான் மேஜை மேல இருக்கும்.

மகள்: வேற எதுவும் இல்லையே. இது மட்டும்தான் இருந்துச்சு.

அம்மா: என்னண்ணே இது?

கடைக்காரர்: உங்க ஸ்கூல் பேண்ட் மாஸ்டர் காலையில போன் பண்ணார். விரல் குறைஞ்ச பொண்ணு ஒண்ணு வரும், சாக்ஸபோன்னுதான் நிக்கும், ட்ரம்பெட்டைத் தலையில கட்டி அனுப்பிடுன்னார். பத்து வருஷமா ஸ்கூலுக்கு வேண்டியதெல்லாம் என்கிட்டதான் வாங்குறார். நான் என்ன பண்ண?

அம்மா: இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே.

கடைக்காரர்: சொன்னா மட்டும் என்ன ஆகப் போகுது? திங்கட்கிழமை பேண்ட்ல பேர் எழுதுறாங்களாமே. கையில வாத்தியம் இல்லாத பிள்ளைக்குப் பேர் கிடையாதாம். அவர் முடிவு பண்ணிட்டார்.

மகள்: என் வாயால நான் ஊதப் போறேன். அவர் என்ன முடிவு பண்றது?

கடைக்காரர்: வாய் இருக்கு, தெரியுது. வாய்க்குக் குறைச்சலே இல்ல.

அம்மா: ஏய், பெரியவங்ககிட்ட அப்படிப் பேசாதே. அண்ணே, அதோ கண்ணாடிக்குள்ள பளபளன்னு ஒண்ணு இருக்கே, அது புதுசா? அதையே குடுங்க. என் பொண்ணுக்குப் பழசு வேண்டாம்.

மகள்: எனக்குப் பழசுதான் வேணும்.

அம்மா: நெளிஞ்சிருக்குடி.

மகள்: இருக்கட்டும். நானும் முழுசா இல்லையே.

அம்மா: வாயை மூடு.

கடைக்காரர்: ரெண்டு பேரும் நிறுத்துங்க. முதல்ல சத்தம் வருதான்னு பாப்போம். இந்தா, சாக்ஸபோனோட கழுத்துக் குழாய் மட்டும். வாய் வைக்கிற இடத்துல ரீடு, அந்த நாணல் பட்டை, மாட்டியிருக்கேன். பல்லை மேல வை, கீழ் உதட்டை லேசா உள்ள மடி. வரலைன்னா கோவிச்சுக்காதே, முதல் நாள் யாருக்கும் வராது. வாத்து கத்துற மாதிரிதான்...

மகள்: எவ்வளவு நேரம் ஊதுறேன்னு எண்ணுங்க.

கடைக்காரர்: ஒண்ணு... ரெண்டு... மூணு... ம்ம்... எட்டு... பதினொண்ணு... பதினஞ்சு. போதும், போதும். மூச்சை விடு. இது முதல் நாள் இல்ல.

மகள்: இல்ல.

அம்மா: எங்கே ஊதுனே?

மகள்: பேண்ட் ரூம்ல. எல்லாரும் சாப்பிடப் போற நேரம். மூணு மாசமா.

அம்மா: அதான் டப்பா அப்படியே திரும்பி வந்துச்சா? பசிக்கலை, வயித்து வலின்னு... உன்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் மருந்து வேற வாங்கிக் குடுத்தேனே.

மகள்: மருந்து இனிப்பாதான் இருந்துச்சு.

அம்மா: வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்.

கடைக்காரர்: அப்ப மாஸ்டர் பாத்துட்டார். அதான் போன்.

மகள்: பாத்தார். எல்லா சுரமும் வாசிச்சுக் காட்டினேன். கீழ ரெண்டு மட்டும் வரல, அந்த ரெண்டு கீயும் சுண்டுவிரலுக்கு எட்டல. அவர் அதை மட்டும்தான் கேட்டார். வந்ததை எல்லாம் கேக்கவே இல்ல.

கடைக்காரர்: ம்ம்... அந்தப் பழசை ஏன் கேட்டே, உண்மையைச் சொல்லு.

மகள்: அது கெட்டித் தகடு. புதுசுல சூடு வச்சா வளைஞ்சிரும், கேரண்டியும் போயிடும். பழசுல எட்டாத கீ மேல துண்டுத் தகடு பத்த வைக்கலாம். வைக்கலாம்ல?

கடைக்காரர்: யார் சொன்னது?

மகள்: யாரும் சொல்லல. உங்க கடைக்குப் பின்னாடி ஜன்னல் இருக்கு. நீங்க பத்த வைக்கிறதை ரெண்டு நாள் நின்னு பாத்தேன்.

கடைக்காரர்: நல்லா இருக்கு. எட்டி வேற பாத்திருக்கே. கையைக் கொண்டா... விறைப்பா வைக்காதே, தொங்கவிடு. ரெண்டு விரக்கடை நீளத் தகடு வேணும், கொஞ்சம் உள்பக்கமா வளைச்சு. பிறவி விரல்னா வெறும் பித்தளை போதும். அடிபட்டதுன்னா நுனி கூசும். மேல கார்க் ஒட்டணும், இல்லேன்னா ஒவ்வொரு தரமும் சுரீர்னு இழுக்கும். அதுக்குத்தான் கேட்டேன், சும்மா துருவல. கூசுமா?

மகள்: கூசும்.

அம்மா: கூசுமா? எத்தனை நாளா?

மகள்: எப்பவும்தான்.

அம்மா: எங்கிட்ட ஒரு தரம் கூடச் சொன்னதில்லையே.

மகள்: சொன்னா நீ அடுப்படியில போய் நின்னு அழுவே.

கடைக்காரர்: இதை இப்படித் திருப்பு... கதவுன்னா சொன்னே? கதவு நசுக்கும். இது நேரா இருக்கு, கோடு போட்டு வெட்டின மாதிரி. முப்பது வருஷமா தகடு வெட்டுறேன்மா.

அம்மா: பிள்ளை கதவுன்னு சொன்னா கதவுதான்.

கடைக்காரர்: சரி. நான் போலீஸ் இல்ல. இரு, இப்போதைக்கு அந்தப் பழசோட கீ மேல ஒரு துண்டு கார்க்கை வச்சு டேப் சுத்துறேன்... இந்தா பிடி, பட்டையைக் கழுத்துல மாட்டு. கனமா இருக்கா?

மகள்: இல்ல.

கடைக்காரர்: பொய். கனம்தான். சுண்டுவிரலை வை. எட்டுதா?

மகள்: எட்டுது.

கடைக்காரர்: ஊது. எல்லா விரலும் மூடணும், ஒண்ணு ஒழுகினாலும் வராது... காத்துதான் வருது. இன்னொரு தரம்... வயித்துல இருந்து... அதேதான். அதேதான்... விடாதே.

மகள்: வந்துச்சா?

கடைக்காரர்: கடைக் கண்ணாடியே அதிருது, வந்துச்சான்னு கேக்குறியே. இதான் அடியில இருக்கிற ஸ.

அம்மா: கரகரன்னு இருக்கு.

மகள்: அப்படித்தான் இருக்கும்.

அம்மா: நல்லா இல்லேன்னு நான் சொல்லலையே.

கடைக்காரர்: நெளிவை எடுக்கணும், தகடு பத்த வைக்கணும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வாங்க. மாஸ்டர்கிட்ட நானே பேசிக்கிறேன். அவர் வராட்டா வேற ஸ்கூல் வரும். ஆனா திங்கட்கிழமை அவர் இந்தத் தகட்டைப் பாத்துட்டு என்ன இது, விரலுக்கு என்ன ஆச்சுன்னு எல்லார் முன்னாடியும் கேப்பார். அப்ப என்ன சொல்லுவே?

மகள்: கதவுன்னு சொல்லுவேன்.

அம்மா: வேண்டாம்.

மகள்: அப்ப பிறவியா? ஏதாவது ஒண்ணைச் சொல்லும்மா, மாத்தி மாத்திச் சொன்னா இன்னிக்கு மாதிரி மாட்டிக்குவோம்.

அம்மா: ரெண்டும் வேண்டாம். அட்டைப்பெட்டி கம்பெனின்னு சொல்லு. அன்னிக்கு உனக்கு ஸ்கூல் லீவு, பாத்துக்க ஆள் இல்ல. பிள்ளைங்களை உள்ள விட மாட்டாங்க, நான் சால்வைக்குள்ள மறைச்சுத் தூக்கிட்டுப் போனேன். வெட்டுற மெஷின் பெடல்ல இருந்தது என் கால். சூப்பர்வைசர்தான் ஆஸ்பத்திரியில கதவுன்னு எழுதச் சொன்னார், இல்லேன்னா வேலை போயிடும்னார். எழுதினேன். நீ கண்ணு முழிச்சதும் உன்கிட்டயும் கதவுன்னே சொன்னேன். நீயும் நம்பிட்டே.

மகள்: நம்பலம்மா. நீ பெடல்ல செருப்பை விட்டுட்டு வெறுங்காலோட என்னைத் தூக்கிட்டு ஓடினே, ஒத்தைச் செருப்பு அங்கயே கிடந்துச்சு, பாத்தேன். ஏழு வருஷமா நீ சொல்லச் சொன்னதைத்தான் சொல்லிட்டிருக்கேன். இப்ப அழாதே, தள்ளி நில்லு, இன்னொரு கீ பாக்கி இருக்கு.