கிழங்குக் குழிக்குள் இறங்கும் முறை

பறித்த அன்றே சர்க்கரைவள்ளிக் கிழங்கை வேகவைத்துத் தின்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அது வெறும் மாவு. குழிக்குள் உமியில் ஒரு மாதமாவது கிடந்தால்தான் உள்ளே இனிப்பு ஊறும். கவானோ சான், உங்கள் தட்டில் இருப்பது அப்படிக் கிடந்த கிழங்குதான். தயங்காமல் சாப்பிடுங்கள். அந்தக் குழியில் இருந்தது இல்லை, சமையலறையில் பெட்டியில் உமிக்குள் போட்டு வைத்திருந்தது.

விபத்து என்று எழுதி நீங்கள் வழக்கை மூடிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மூடிய பிறகும், கூப்பிட்டதும் சீருடையோடு மேடேறி வந்திருக்கிறீர்கள். உங்கள் அம்மா வளர்த்த பிள்ளை வேறு எப்படி இருக்கும். வெங்காய நாற்றை எந்தப் பருமனில் நட வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். பென்சில் கனம் இருக்க வேண்டும். தடித்த நாற்றைப் பேராசைப்பட்டு நட்டால் வசந்தத்தில் பூத்துத் தொலைக்கும்.

இந்தச் சரிவு முழுக்க என் மாமனாரின் நிலம். கணவர் போனதும் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்தவர்களுக்குத் தோட்டம் போடக் கொடுத்தேன். தபால் நிலையத்தில் இருந்தவர், பள்ளியில் கணக்குச் சொல்லித் தந்தவர், இப்படி. மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. உறைபனிக்கு முன்னால் சீன முட்டைக்கோஸின் தலையை வைக்கோலால் சேர்த்துக் கட்ட வேண்டும், முள்ளங்கியைக் காற்றில் தொங்கவிட்டு வளையம்போல் வளைகிற வரை காயவிட வேண்டும், தவிட்டில் ஊறப்போடும்போது சீமைப்பனிச்சைப் பழத்தின் காய்ந்த தோல் சேர்க்க வேண்டும், எல்லாம் என்னிடம் கற்றதுதான். நவம்பரில் குளிர்காலக் கூட்டம் என்று ஒன்று கொட்டகையில் நடக்கும். அவரவர் ஊறுகாயைக் கொண்டு வருவார்கள், விதை மாற்றிக்கொள்வார்கள், சந்தேகம் கேட்பார்கள். கேள்விகள் எல்லாம் என் பக்கம்தான் வரும். அந்த ஒரு நாளுக்காகத்தான் நான் வருடம் முழுக்க இருந்தேன் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம்.

அங்கேதான் மிவாகோ வந்து சேர்ந்தாள். ஃபுகுவோகா நகரத்திலிருந்து கணவரோடு குடிவந்தவள். வாய் ஓயாது, கை ஓயாது, கைப்பேசியும் ஓயாது. நான் சொல்வதையெல்லாம் படம் பிடித்து இணையத்தில் தன் பக்கத்தில் போடுவாள். பெயர் மட்டும் அவளுடையதாக இருக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் சுபாவம் அப்படி, அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

போன நவம்பர் கூட்டத்தில் அவள் ஒரு முள்ளங்கி ஊறுகாய் கொண்டு வந்தாள். உப்பு பாதி, மீதிக்குத் தேனும் ஆப்பிளும். ஊறுகாயா அது, பழப் பச்சடி. எல்லாரும் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை எடுத்தார்கள். என் ஊறுகாய்த் தொட்டியின் மூடியைத் திறந்தவர் அவள் கணவர் தெட்சுரோ ஒருவர்தான். அவர் மென்றுகொண்டிருக்கும்போது மிவாகோ என் தோளில் கை போட்டாள்.

“ஷிகேயோ சான், கோவிச்சுக்காதீங்க. உங்க ஊறுகாயக் குடுத்தா கூடவே பிரஷர் மாத்திரையும் குடுக்கணும் போல” என்றாள்.

கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். கணக்கு வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவர் பாத்தியில் கல் பொறுக்கிக் கொடுத்தவள் நான்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. “அடுத்த வருஷத்துலேருந்து கூட்டத்த நாங்க பாத்துக்கறோம். நீங்க ஹாயா உக்காந்து டீ குடிங்க. எத்தன வருஷமா ஓடியாடிட்டீங்க” என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். மாட்டை லாரியில் ஏற்றும்போதும் முதுகில் தட்டித்தான் கொடுக்கிறோம்.

கிழங்குக் குழி என் மாமனார் வெட்டியது. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு நேராக இறங்கி, அடியில் பக்கவாட்டில் ஓர் அறைபோல் குடைந்திருக்கும். எல்லாருடைய கிழங்கும் குளிர்காலத்தில் அதில்தான் இருக்கும். இறங்கி எடுத்துக் கொடுப்பது நான் மட்டும். மிவாகோவுக்கு அதுவும் உறுத்தியது. ஒவ்வொரு தடவையும் என்னை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும், குழி எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும், தனக்குக் கற்றுக்கொடுத்தால் போதும் என்றாள். சரி என்றேன். ஏணியை எந்தப் பக்கம் சாய்ப்பது, எந்த வரிசையில் எடுப்பது, எடுத்த இடத்தில் உமியை எப்படி நிரப்புவது, எல்லாம் மேலே நின்றபடி சொல்லிக் கொடுத்தேன். ஒன்றைத் தவிர.

நீங்கள் குழியைப் பார்த்தீர்கள். அழுகல் நாற்றம் தாங்கவில்லை என்று மூக்கைப் பொத்திக்கொண்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நனைந்ததும் அடிபட்டதுமான கிழங்கு ஒன்றுகூடக் குழிக்குள் போகக் கூடாது என்று கூட்டத்தில் வருடா வருடம் சொல்கிறவள் நான். இந்த வருடம் அப்படிப்பட்டதை இரண்டு பெட்டி இறக்கினேன். வயதாகிவிட்டது, கண் சரியாகத் தெரியவில்லை என்று உங்களிடம் அன்று சொன்னேன். கண் நன்றாகத்தான் தெரிகிறது. காற்றுக்காக வைத்த மூங்கில் குழாயின் வாயிலும் பழைய சாக்கைத் திணித்தேன். எலி வராமல் இருக்க. இதுவரை எந்த வருடமும் எலி வந்ததில்லை.

கிழங்கு மண்ணுக்குள் கிடந்தாலும் உயிருள்ளது, கவானோ சான். அது மூச்சு விடும். அழுகுகிற கிழங்கு இன்னும் அதிகமாக விடும். மூடிய குழியில் இருக்கிற நல்ல காற்றையெல்லாம் அது தின்று தீர்த்துவிடும். நகரத்திலிருந்து வருகிறவர்களுக்கு இது தெரியாது. அவர்களுக்குக் கிழங்கு என்றால் கடையில் பையில் போட்டுக் கட்டியிருப்பது.

புத்தாண்டுக்கு முன்னால் ஒருநாள் காலை மிவாகோ கூடையோடு வந்தாள். எல்லார் வீட்டுக்கும் தானே எடுத்துப் போய்க் கொடுக்கப்போகிறாளாம். நல்ல வெயில். மூடியை நான்தான் நகர்த்திக் கொடுத்தேன். ஏணியில் ஒரு காலை வைத்தவள் நின்று என்னைப் பார்த்தாள்.

“எறங்கறதுக்கு முன்னாடி எதாவது பாக்கணுமா, ஷிகேயோ சான்?”

“தலை இடிக்காம பாத்துக்கோங்க” என்றேன்.

அவள் கேட்டாள், பாருங்கள். அதுவரை மூன்று வருடமாக எதையும் என்னிடம் முழுதாகக் கேட்டதில்லை, பாதியிலேயே தனக்குத் தெரியும் என்று தலையாட்டிவிடுவாள். அன்று மட்டும் கேட்டாள். ஒரு கணம் எனக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்தது. பிறகு கொட்டகையில் கேட்ட அந்தச் சிரிப்புச் சத்தம் காதில் விழுந்தது.

அடிக்குப் போனதும் ஒரு தடவை கூப்பிட்டாள். “இங்க ஒரு மாதிரி இருக்கு” என்றாள். “அழுகின வாடைதான், பழகிடும்” என்றேன். கூடை விழுகிற சத்தம் கேட்டது. நான் போய் முட்டைக்கோஸ் கட்டத் தொடங்கினேன். அந்த வேலை பாக்கி இருந்தது, பொய்யில்லை. வைக்கோலைக் கொஞ்சம் நனைத்துக்கொண்டால் முடிச்சு நழுவாது.

தெட்சுரோ வந்தது நான் எதிர்பார்க்காதது. மனைவிக்குச் சூடாகக் குடிக்க ஃபிளாஸ்கில் டீ கொண்டு வந்தார். “மிவா எங்க?” என்று கேட்டார். குழியைக் காட்டினேன். “உள்ளதான் இருக்காங்க. கூப்பிட்டேன், பதில் இல்ல” என்றேன். ஃபிளாஸ்கை என் கையில் திணித்துவிட்டு இறங்கினார். சட்டையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பார். என்ன சொல்வேன். நல்ல மனிதர். என் ஊறுகாயை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டவர் அவர் ஒருவர்தான். அவருக்காக நான் உண்மையாகவே வருத்தப்படுகிறேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சாக்கைக் குழாயிலிருந்து உருவி அடுப்பில் போட்டேன். பிறகு ஆம்புலன்சுக்குச் சொன்னேன். மற்றது உங்களுக்குத் தெரியும்.

அத்தோடு முடிந்திருக்கும். நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன். சாவு வீட்டில் யசுமாசா பேசிய பேச்சுதான் உங்களைக் கூப்பிட வைத்தது. கீழ்த்தெருவில் இஞ்சி போடுகிறாரே, அவர்தான். அவர் வீட்டிலும் குழி உண்டு. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊதுவத்தி ஏற்றியிருந்தார்கள். அதன் முன்னால் உட்கார்ந்து எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். குழிக்குள் இறங்கும் முன்னால் டப்பாவில் மெழுகுவர்த்தி ஏற்றிக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்க வேண்டும், அணைந்தால் மூடியைத் திறந்து போட்டுவிட்டு மறுநாள் வர வேண்டும், குழி வைத்திருக்கிற வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும் என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலை குனிந்தேன். இனி நீங்கள் வந்து என்னைப் பிடித்துக்கொண்டுபோவீர்கள் என்றுதான் நினைத்தேன்.

யசுமாசா என் கையைப் பிடித்துக்கொண்டார். “விடுங்க. அவங்க என்ன வேணும்னேவா செஞ்சாங்க? வயசாச்சு, சொல்ல மறந்துட்டாங்க” என்றார்.

கணக்கு வாத்தியாரின் மனைவி அழுதாள். எனக்காக அழுதாள். மறுவாரம் அவர்கள் எல்லாரும் கூடிப் பேசியிருக்கிறார்கள். குழியை மண் போட்டு மூடிவிடுவது, என் பாத்தியை முறை வைத்து அவர்களே பார்த்துக்கொள்வது, நவம்பர் கூட்டத்தில் எனக்கு நாற்காலி போட்டு உட்கார வைப்பது. ஞாபக மறதிக்குப் பரிசோதனை செய்ய நகரத்து மருத்துவமனையில் நேரம்கூட வாங்கிவிட்டார்கள். நேற்றுத் தபால் நிலையக்காரர் வந்து வெங்காய நாற்று எவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தருகிறார். சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி.

அதனால்தான் உங்களைக் கூப்பிட்டேன். பேனாவை எடுங்கள், திருத்தி எழுத வேண்டியது இருக்கிறது. அன்று காலை மிவாகோ வருவதற்கு முன்பே டப்பாவில் மெழுகுவர்த்தி ஏற்றி நானே குழிக்குள் இறக்கிப் பார்த்தேன். பாதி ஆழம்கூடப் போகவில்லை, அணைந்துவிட்டது. மூடியைத் திரும்பப் போட்டு வைத்தேன். நான் எதையும் மறக்கவில்லை என்று அவர்களிடம் சொல்லுங்கள்.