மைக்கில் கட்டின துணி

எல்லாரும் சாப்பிட்டாச்சா? சாப்பிடாதவுக யாரும் இருந்தா எந்திரிச்சுப் போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க. இது சோத்துக்கு முன்னாடி கேக்குற கதை இல்ல. பாதியில ஓங்கரிச்சுக்கிட்டு என்னையத் திட்டக் கூடாது, ஆமா.

விளக்கைச் சின்னதாக்கு புஷ்பவள்ளி. கல்யாண வீட்டுல பேய்க்கதை சொல்றாளேன்னு பெரியவுக வைவாக... மெதுவாத்தான் சொல்லுவேன். கிட்ட வாங்க.

சாயங்காலம் நாலு மணி. கண்டரமாணிக்கத்துல இருந்து வர்ற ரோடு. அப்ப தாரு போடல, வெறும் செம்மண்ணு. ரெண்டு பக்கமும் கருவேல மரம், ஆளு அரவமே கிடையாது. அந்த ரோட்டுல ஒத்தை மாட்டு வண்டி ஒன்னு வருது. வண்டியில ரெண்டு கொழா ஸ்பீக்கரு, ஆம்ப்ளிபயர் பொட்டி, வயர் சுருளு. ஓட்டிக்கிட்டு வர்றது சேவுகன். என் கூட்டாளி அக்கம்மா இருக்காள்ல, அவ கூடப்பொறந்த அண்ணன். தச்சு வேலை பாத்த குடும்பம். இவன் அதை விட்டுட்டு மைக் செட்டு வச்சிருந்தான். மரியாதையாச் சொல்லணும்னுதான் பாக்குறேன், வாய் வர மாட்டேங்குது.

ஏன்னா அப்படி ஒரு அருவருப்பு இல்லாத மனுசனை நான் பாத்ததே இல்ல. மைக்கு மேல ஒரு துணி கட்டுவாகள்ல? காத்துல இரையாம இருக்க, எச்சி உள்ள போகாம இருக்க... மத்தவுக எல்லாம் அதை அப்பப்பத் துவைப்பாக. இவன் கட்டுனா கட்டுனதுதான். கட்சிக் கூட்டத்துக்கும் அதான், காது குத்துக்கும் அதான். வெத்தல போட்ட வாயி, பொகையில வாயி, சுருட்டு வாயி... எல்லா வாயும் அதுல ஊறிக் காஞ்சு மொடமொடன்னு நிக்கும். ஒருதடவை வாழ்த்துச் சொல்லச் சொல்லி என் மூஞ்சிக்கு நேரா நீட்டுனான். ஊசிப்போன மீன் கொழம்பு நாத்தம். த்தூ! இதுல அவன் ஆம்ப்ளிபயர் வேற பழசு, சத்தம் பத்தாது. அதனால "வாயை ஒட்டி வச்சுப் பேசுங்க, ஒட்டி வச்சுப் பேசுங்க"ன்னு எல்லாத்துக்கிட்டயும் சொல்லுவான்.

அன்னைக்குச் சர்ச்சு மைதானத்துல சிஸ்டருமாரு பள்ளிக்கூடத்து ஆண்டு விழா. முதப் பாட்டு அவன் மக கல்யாணசுந்தரி. பத்து வயசு. அப்படி ஒரு கொரலு அந்தப் புள்ளைக்கு. நல்லாப் பாடினா ஹாஸ்டல்ல சேத்து மேல படிக்க வைக்கிறதாப் பெரிய சிஸ்டரு சொல்லியிருந்தாக. ஆனா, "அந்த அழுக்குத் துணியோட மைக்கு வந்தா எந்தப் புள்ளையையும் கிட்ட விட மாட்டேன்"னும் சொல்லி விட்டிருந்தாக. ஒரு கைக்குட்டை வாங்க எம்புட்டு நேரமாகும்? வாங்கல.

காலையில அவன் இருந்தது கண்டரமாணிக்கத்துல ஒரு எழவு வீட்டுல. சோணையம்மான்னு ஒரு வயசாளி, பல்லு போயும் வெத்தலைய விடாதவ. கல்யாணச் சாவுன்னு ஒப்பாரிக்கு மைக் வச்சிருந்தாக. அந்தக் கெழவி தண்ணி கேக்க வாயைத் தொறந்தவ... தொறந்த வாயோட போயிட்டா. மூடவே இல்ல. புது மல்லுத் துணியைக் கிழிச்சுத் தாடையைத் தலையோட சேத்துக் கட்டியிருந்தாக. மதியம் வாய்க்கரிசி போட அந்தக் கட்டை அவுத்தாக. அரிசியப் போட்டாக. தூக்கிட்டுப் போயிட்டாக. கட்டு கீழயே கெடந்துச்சு.

வயரு சுருட்ட வந்தவன் பாத்தான்.

எடுத்தான்டி! உதறுனான், மடிச்சான், பழசை அவுத்து எறிஞ்சுட்டு அதை மைக்குல கட்டிட்டான். தெரியாம இல்ல, தெரிஞ்சே. பின்னாடி அக்கம்மா கேட்டதுக்குச் சொல்றான், "புதுத் துணிதானே ஆத்தா, அரைநாள் கூடக் கட்டல." எழவு வீட்டுக்குப் போனா தலை முழுகிட்டுத்தானே எதையும் தொடுவோம்? அவன் காலு கூட நனைக்கல. நேரமாச்சுன்னு வண்டியப் பூட்டிட்டான். வர்ற வழியில, நான் சொன்னேன்ல அந்த ரோட்டுல, பின்னாடி சாமான் கெடக்குற பக்கம் யாரோ மெல்லுற சத்தம் கேட்டுச்சாம். மாடு அசைபோடுதுன்னு நெனச்சானாம். மாடு முன்னாடிதானே இருக்கு!

பொழுது எறங்குற நேரத்துல விழா ஆரம்பிச்சுச்சு. நானும் அக்கம்மாவும் முன்னாடிதான் உக்காந்திருந்தோம். சேவுகன் மைக்கைத் தட்டுனான். டொக்... டொக். நல்லாத்தான் கேட்டுச்சு. வெள்ளைத் துணியப் பாத்துப் பெரிய சிஸ்டரு கூடச் சிரிச்சாக.

கல்யாணசுந்தரி மேடையில ஏறுனா. மைக்கு கிட்டப் போனவ மூக்கைச் சுளிச்சா. "நாறுதுப்பா"ன்னா. அது கொழாயில எல்லாத்துக்கும் கேட்டுச்சு. இவன் ஓரத்துல நின்னு கைகாட்டுறான். "ஒட்டி வை ஆத்தா... வாயை ஒட்டி வை."

வச்சா.

பாட்டு வரல. வேப்பமரத்துல கட்டுன கொழாயில... ச்சப்... ச்சப்... பல்லு போன வாயி மெல்லுற சத்தம். அப்புறம் காஞ்ச தொண்டையில எச்சி முழுங்குற சத்தம். புள்ளை வாயி அசையல. தொறந்தது தொறந்தபடி நிக்கிது. சேவுகன் ஓடிப் போய் ஆம்ப்ளிபயரை அணைச்சான். வயரைப் பிடுங்குனான். சத்தம் நிக்கல. ச்சப்... ச்சப்... அப்புறம் கரகரன்னு ஒரு கொரலு.

"தண்ணி..."

கொழாய்க்கு நேர் கீழ நின்ன சிஸ்டரோட வெள்ளை அங்கியில சொத்துன்னு என்னமோ விழுந்துச்சு. செவப்பா, கொழகொழன்னு. அண்ணாந்து பாத்தா கொழா வாயில இருந்து நூலா எறங்குது... வெத்தல எச்சி. அந்த நாத்தம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகல.

சேவுகன் மகளைப் பிச்சு இழுத்தான். அவ இருமுனா. இருமி இருமி அப்பன் கையில துப்புனா. பச்சரிசி... ஒரு பிடி. அக்கம்மா செம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தா. வாயை மூடாமலே அம்புட்டையும் குடிச்சுச்சு அந்தப் புள்ளை.

அதோட பாட்டும் போச்சு, ஹாஸ்டலும் போச்சு. பகல்ல ஒரு குறையும் தெரியாது. தூங்குனாத்தான் தாடை தொங்கிரும்... ச்சப்... ச்சப்னு ஆரம்பிக்கும். சாமியாரு ஜெபம் பண்ணிப் பாத்தாரு, கோடாங்கி உடுக்கடிச்சுப் பாத்தான். ஒன்னும் கேக்கல. கடைசியில தாடையத் தலையோட சேத்துக் கட்டிப் படுக்க வச்சாக. கட்டுறது யாரு? சேவுகன்தான். தெனமும் ஒரு துவைச்ச துணி. இப்ப எங்கேருந்து வந்துச்சு அந்தச் சுத்தம்? அவனைப் பாத்தா நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிருவேன். அந்தப் புள்ளையப் பாத்தாத்தான் அழுகை வரும்.

போன மாசம் அக்கம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். கல்யாணசுந்தரி என் பாயிலதான் படுத்தா. வளந்த பொண்ணு, வெக்கப்பட்டுக் கட்டை அவுத்துட்டா போல. விடியக்காலம் எனக்கு முழிப்புத் தட்டுச்சு. கடைவாயில என்னமோ ஈரமா உறுத்துச்சு. அவளுக்கு இல்லடி... எனக்கு. தொட்டுப் பாத்தா அரிசி.

சரி, படுங்க. காலையில வேலை கெடக்கு. ஏ புஷ்பவள்ளி, என் தலைமாட்டுல ஒரு வெள்ளைத் துண்டு இருக்கும் பாரு, அதை இங்குட்டு எடு.

எதுக்கா... தாடையைக் கட்டத்தான்.