ஒரு ஸ்பூனுக்கு இரண்டு டம்ளர்

ஆளி விதையை முழுசாக விழுங்கினால் பிரயோஜனமில்லை. போனது போலவே வெளியே வந்துவிடும். வெறும் வாணலியில் லேசாக வறுத்து, ஆறவிட்டு, அன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கே பொடிக்க வேண்டும். பொடித்து வைத்தால் நாலு நாளில் காறல் வாடை அடிக்கும். முதல் வாரத்தில் ஒரு டீஸ்பூனுக்கு மேல் போகக் கூடாது. அந்த ஒரு ஸ்பூனுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாக வேண்டும், ஏனென்றால் வயிற்றுக்குள் போனதும் அது தண்ணீரை இழுத்துக்கொண்டு கொழகொழவென்று ஊதும். சர்க்கரை மாத்திரைக்கும் அதற்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். குடலில் ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. செஞ்சியில் இதையெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

அன்புக்கரசி மேடம், நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். என் கணவருக்கு வயிற்றுவலி வந்தது சாயந்திரம் ஏழு மணிக்கு. பாத்திரம் தேய்க்கிற காத்தாயி வந்துபோனது மூன்று மணிக்கு. அப்போதே கூடத்தில் என் பை கட்டித் தயாராக இருந்ததாக அவள் சொல்லியிருக்கிறாள். அது எப்படி என்று கேட்டீர்கள். காத்தாயி பொய் சொல்கிறவள் இல்லை. பையில் இரண்டு புடவையும் என் தலையணையும் ஒரு போர்வையும் இருந்தன. ஸ்டேஷனில் உட்கார்ந்து வாயால் சொல்ல எனக்குத் தெம்பில்லை. எழுதித் தருகிறேன் என்றேன், நீங்களும் பேப்பரும் பேனாவும் கொடுத்து மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தீர்கள். இங்கே காற்று நன்றாக வருகிறது.

என் பெயர் அனந்தி. ஐம்பத்தாறு வயது. கணவர் சீதளநாதனுக்கு நெல் வியாபாரம். நாங்கள் சமணர்கள், நான் பிறந்தது மேல்சித்தாமூர். பொழுது இறங்கினால் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடமாட்டோம். சில வீடுகளில் ராத்திரி தண்ணீர் மட்டும் குடிப்பார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் குடலில் ஒரு சாண் வெட்டிச் சேர்த்துத் தைத்தார்கள். பிழைத்து வந்ததும் மேல்சித்தாமூர் மடத்துக்குப் போய், இனி பொழுது போனால் தண்ணீரையும் தொடமாட்டேன் என்று விரதம் எடுத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற நானும் எடுத்துக்கொண்டேன். இந்த மூன்று வருஷத்தில் காய்ச்சலில் கிடந்தபோதுகூட நான் அதை முறித்ததில்லை. குடிக்கிற தண்ணீரைத் துணியில் வடிகட்டி, அந்தத் துணியில் தங்கின உயிர் எதுவும் சாகக் கூடாது என்று திரும்பக் கிணற்றிலேயே அலசிவிடுகிறவள் நான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் கெட்டவர் இல்லை. கை நீட்டினதில்லை, வாய் நீட்டினதும் குறைவு. ஆனால் கூடத்தில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். கை எட்டுகிற இடத்தில் குடம் இருந்தாலும் "அனந்தி, தண்ணி" என்றுதான் குரல் வரும். முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு டம்ளரைத் தானாக எடுத்து அவர் குடித்து நான் பார்த்ததில்லை.

போன வருஷம் சர்க்கரை முந்நூற்று எண்பதுக்குப் போனது. அரிசி, கோதுமை எல்லாவற்றையும் விட்டுவிடும் சாப்பாட்டு முறையைப் போனில் பார்த்துப் பிடித்துக்கொண்டார். அதில் வருகிறவர்கள் முட்டையும் கறியும் சாப்பிடச் சொன்னார்கள். அது எங்கள் தெருப்பக்கமே வராது. மண்ணுக்கடியில் விளைகிற உருளை, கேரட், வெங்காயம் எங்களுக்கு ஏற்கெனவே கிடையாது. மிச்சம் மீதி என்று பார்த்தால் தேங்காய், பன்னீர், பாதாம், கீரை. அப்புறம் ஆளி விதை. அதில் அடை தட்டலாம், கஞ்சி காய்ச்சலாம், மோரில் கலக்கலாம். நாலரைக்கு எழுந்து வறுக்க ஆரம்பித்தால், அவருக்கு ஒரு சமையல், எனக்கு ஒரு சமையல், மத்தியானம் திரும்பவும் பொடித்தல், பொழுது சாய்வதற்குள் ராத்திரிச் சாப்பாடு. சர்க்கரை நூற்றுப் பத்துக்கு இறங்கியது. வருகிறவர்களிடமெல்லாம் "நான் கொறைச்சுட்டேன் பாரு" என்பார். பெங்களூரிலிருந்து மகன் சாந்திகுமார் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுவான். "அம்மா, நைனாவ நல்லா பாத்துக்கோ" என்பான். நான் எப்படி இருக்கிறேன் என்று அவனுக்குக் கேட்கத் தோன்றியதில்லை. எனக்கும் சொல்லத் தோன்றியதில்லை.

முதல் தடவை நடந்தது என்னால் இல்லை. ஆவணியில் மேல்சித்தாமூரில் ஒரு கல்யாணம். திரும்பி வரும்போது பஸ் தாமதம். பொழுது போய்விடுமே என்று அவசர அவசரமாக அடையைத் தின்றார், இரண்டு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் இருட்டிவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். ராத்திரி வயிறு கல்லாக ஊதி, வாந்தி எடுத்து, புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். தைத்த இடத்தில் அடைத்துக்கொண்டது என்றார்கள். மூக்கில் குழாய் விட்டு, வாய்வழியாக எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

வாய்வழியாக எதுவும் கூடாது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவே அரைநாள் ஆயிற்று. சமைக்க வேண்டாம்.

அங்கே கலைவாணி என்று ஒரு நர்ஸ். எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அவள் வயசுதான் இருக்கும். நான் நாற்காலியில் விறைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "நீங்க படுங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்றாள். மேடம், அந்த வார்த்தையை அதற்குமுன் என்னிடம் யாரும் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்தது. படுத்தவள் பதினொரு மணி நேரம் தூங்கினேன். மறுநாள் சாயந்திரம் ஐந்து மணிக்கு யாரோ சுட்ட இட்லி ஒரு தட்டில் வந்தது. தின்ற தட்டைக் கழுவப் போனேன், கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இப்படி ஐந்து நாள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நார்ச்சத்துப் பவுடர் எதுனா சாப்பிடறாராம்மா? அந்த எடம் ரொம்பக் குறுகலா இருக்குது. அடிக்கடி அடைச்சா ஆபத்து." பன்னீரும் கீரையும் சாப்பிடுகிறார் என்றேன். அது உண்மைதான். ஆளி விதையை அவர் மருந்தாகத்தான் எடுத்துக்கொண்டார், சாப்பாடாக அல்ல. அவருக்கும் ஆளி விதைமேல் சந்தேகம் வரவில்லை. கல்யாணத்தில் ஆசைப்பட்டு இரண்டு கரண்டி பாயசம் குடித்திருந்தார், அதற்குத்தான் இந்தத் தண்டனை என்று நம்பினார்.

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் ராஜகிரி முழுசாகத் தெரியும். கோட்டை மலை மேற்கே இருப்பதால், காலண்டரில் போட்டிருக்கிற நேரத்துக்குக் கால் மணி முன்னாலேயே சூரியன் அதற்குப் பின்னால் போய்விடும். வெளிச்சம் இருக்கும், சூரியன் இருக்காது. அவர் எப்போதும் காலண்டர்க் கணக்குத்தான். ஐந்தரைக்கு அடை தின்று, காலண்டர் நேரம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நாலு டம்ளர் குடிப்பார். அந்தக் கால் மணியில்தான் பாதித் தண்ணீர் உள்ளே போகும்.

கார்த்திகையில் எனக்கு முழங்கால் வீங்கியது. அன்றைக்கு அடையை ஐந்தே காலுக்குத் தட்டினேன். கார்த்திகையில் பொழுது சீக்கிரம் இறங்கும். மூன்று ஸ்பூன் போட்டு, அவர் தின்று முடித்ததும் ஜன்னலில் பார்த்து, பொழுது போயிடுச்சுங்க என்றேன். காலண்டரில் இன்னும் நேரம் இருக்கிறதே என்றார். "மலைக்குப் பின்னால போயிட்டா போனதுதான. விரதம்னா மனசுக்கு சந்தேகம் இருக்கக் கூடாது" என்றேன். அவருக்கு அது பெருமையாகிவிட்டது. "என்னவிட இவ கண்டிப்பு" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அந்தத் தடவை ஆஸ்பத்திரியில் நாலு நாள். கலைவாணி என்னை அடையாளம் கண்டு சிரித்தாள். முழங்கால் வீக்கமும் வடிந்துவிட்டது.

இனி செய்யக் கூடாது என்றுதான் இருந்தேன். மாசிக் கடைசியில் ஒருநாள் காலையில், மத்தியானத்துக்கும் அடையே போட்டுவிடு, சர்க்கரை இன்னும் இறங்கட்டும் என்றார். ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் வறுத்த வாணலியைக் கீழே இறக்கக்கூடத் தெம்பில்லை, அப்படி ஒரு அசதி. மத்தியானமே பையைக் கட்டினேன். சாயந்திரம் ஐந்து ஐம்பதுக்கு ஆறு ஸ்பூன் போட்டு இரண்டு அடை தட்டினேன். ருசியாக இருக்குது என்றார். முதல் டம்ளரில் வாய் வைத்தபோது நான் ஜன்னலில் நின்றேன்.

"பொழுது போயிடுச்சுங்க."

"அதுக்குள்ளியா? காலண்டர்ல ஆறு பதினெட்டுன்னு போட்டுருக்குது."

நான் மலையைக் கை காட்டினேன். டம்ளரை வைத்துவிட்டார். அதில் முக்கால்வாசி இருந்தது.

ஏழு மணிக்கு வலி தொடங்கியது. கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். கார்த்திகையில் சீக்கிரம் கூட்டிப் போனதால்தான் நாலே நாளில் அனுப்பிவிட்டார்கள் என்று என் மனதில் ஒரு கணக்கு இருந்தது. அதனால் காத்திருந்தேன். ஏழரைக்கு அவர் கட்டிலில் புரண்டுகொண்டு, "விரதம் கெட்டா கெட்டுட்டுப் போவுது. ஒரு வாய் தண்ணி குடு அனந்தி" என்றார். அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கெஞ்சியது அது ஒன்றுதான்.

"மடத்துல சாமி முன்னால சொன்னத மறந்துட்டீங்களா" என்றேன்.

"நீ சொன்னா சரிதான்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எட்டேகாலுக்கு போன் போட்டேன். திண்டிவனம் தாண்டும்போது மூச்சு நின்றது. தைத்த இடம் பிரிந்துவிட்டது, அந்த நேரத்தில் தண்ணீர் கொடுத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னார்.

அவர் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை மேடம். அவர் இல்லாமல் அந்த ஆஸ்பத்திரியில் என்னை யார் படுக்கச் சொல்வார்கள்? இதைக் கொலை என்று எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். என் பக்கத்துக்கு நான் சொல்வது, விரதத்தைக் காப்பாற்றத்தான் தண்ணீர் கொடுக்கவில்லை என்பது. இங்கே வைத்துக்கொள்வதாக இருந்தால் ராத்திரிச் சாப்பாடு ஆறு மணிக்குள் வருமா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், விட்டால் குறையாக இருக்கும். கட்டில் இருந்த அறையின் வாசற்படியில் ஒரு காலி டம்ளர் கிடந்ததாக நேற்று எழுதிக்கொண்டீர்கள். அவர் கேட்டதும் குடத்திலிருந்து நிறைய மொண்டுகொண்டு அதுவரைக்கும் போனேன். அங்கேயே நின்று நானே குடித்துவிட்டேன். எனக்கும் தாகமாக இருந்தது.