அஞ்சாவது இன்டர்வியூ

— நிறுத்து, நிறுத்து. முதல்லேருந்து வா. மூச்சு விடாம ஒப்பிக்கிற.

— அம்மா, பேப்பர்ல இருக்கிற கேள்வியை மட்டும் கேளேன். நாளைக்கு அந்த பேங்க்காரங்க இப்படிக் குறுக்க பேச மாட்டாங்க.

— பேச மாட்டாங்கதான். "அப்புறம் சொல்லி அனுப்புறோம்"னு அனுப்பிடுவாங்க. நாலு இடத்துல அதைத்தானே கேட்டுட்டு வந்த?

— ஐயோ, ஞாபகப்படுத்தாத. கேளு.

— "கம்பெனி நல்ல லாபம்னு கணக்குக் காட்டுது. ஆனா சம்பளம் போடக் கையில பணமில்லை. எப்படி?"

— ஒர்க்கிங் கேபிடல் சைக்கிள் நீண்டு, ரிசீவபிள்ஸ் அதிகமாகி...

— ஒரு மண்ணும் விளங்கலை. எனக்குச் சொல்ற மாதிரி சொல்லு.

— சரி. நூறு நாற்காலி வித்தாச்சு. அன்னைக்கே லாபம்னு எழுதிடலாம். ஆனா வாங்கினவர் மூணு மாசம் கழிச்சுத்தான் பணம் தருவார். அதுவரைக்கும் கை காலி.

— அட, இவ்வளவுதானா! இதுக்கா மூஞ்சியை அப்படி வச்சிருந்த? சரி, அடுத்தது. "உங்க பலவீனம் என்ன?"

— அளவுக்கு மீறி உழைக்கிறது.

— அடிப்பாவி! காலையில மூணு தடவை போர்வையை உருவ வேண்டியிருக்கு!

— சிரிக்காதம்மா! பின்ன என்னதான் சொல்ல?

— உள்ளதைச் சொல்லேன்.

— உள்ளதுன்னா... தெரியலைன்னு சொல்ல வாய் வராது. எதையாவது அடிச்சு விட்டுடுவேன். போன தடவை மாட்டிக்கிட்டதே அதனாலதான்.

— பாரு, இப்பதான் என் பொண்ணு பேசுறா. தைரியமாப் போ.

*

— அம்மா! காதுல விழுதா? பேங்க் வாசல்லேருந்து பேசுறேன், ஒரே வண்டிச் சத்தம்!

— விழுது, விழுது. சீக்கிரம் சொல்லுடி.

— ஒரு கேள்விக்குச் சுத்தமாப் பதில் தெரியலை. "தெரியலை சார், ஆனா இப்படித்தான் தேடுவேன்"னு பேப்பர்ல போட்டுக் காட்டினேன். நடுவுல இருந்த மேடம் சிரிச்சுக்கிட்டே நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டாங்க. அப்புறம் அரட்டைதான்! படிப்பு முடிஞ்சதும் வந்து சேரச் சொல்லிட்டாங்கம்மா!

— என் தங்கமே! ஓன்னு கத்தணும்போல இருக்கு. இங்க கத்தினா வெளியே தள்ளிடுவாங்க.

— இங்கன்னா? நீ வீட்டுல இல்லையா?

— ஆஸ்பத்திரியில இருக்கேன்.

— ஆஸ்பத்திரியா? அம்மா, உனக்கு என்னாச்சு?

— எனக்கு ஒண்ணுமில்லை. இருபது வருஷம் கழிச்சு வேலை கேட்டு வந்திருக்கேன், பில் போடுற கவுன்டருக்கு. என் பேரைக் கூப்பிடுறாங்க, வை போனை!